மட்டக்களப்பு பாமசியில் கேட்காத கேள்வி

டவுனில் ஒரு பாமசி, பேர் வேண்டாம். பதினெட்டு நாள் பிள்ளை, 3 கிலோ, மேல் சுடுது. "எத்தினை மாசம் அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பரசிற்றமோல் துளிமருந்தை வெள்ளைக் கவரில் போட்டு "½ தேக்கரண்டி x 4" என்று எழுதித் தந்தார்கள். எழுதியிருந்ததை வாசித்ததும் தலை சுற்றியது.

பாணி மருந்தில் 5 மி.லீ.க்கு 120 மி.கி.; துளிமருந்தில் 1 மி.லீ.க்கே 100. பச்சைப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10–15 மி.கி., 6–8 மணித்தியால இடைவெளியில். நாள் முழுக்கச் சேர்த்துக் கிலோவுக்கு 60 மி.கி.ஐத் தாண்டக்கூடாது. இந்தப் பிள்ளைக்கு 30 மி.கி., அதாவது துளிமருந்தில் 0.3 மி.லீ. அரைத் தேக்கரண்டி 2.5 மி.லீ., 250 மி.கி.! நாளுக்கான உச்சம் 180தான். ஒரே வேளையில் அதையும் தாண்டுது.

நிறையைக் கேட்டால் மட்டும் போதாது. எத்தனை நாள், மாதம் நிறைந்து பிறந்ததா என்பதும் வேணும். ஈரலில் மருந்தைக் குளுக்குரோனைட்டாக, அதாவது உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவமாக, மாற்றும் நொதி பிறந்த புதிதில் மந்தம். 1950களில் குளோரம்பெனிக்கோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து உடம்பில் தேங்கிப் பிள்ளைகள் சாம்பல் பூத்துச் செத்தது இதனால்தான். சிறுநீரகமும் அப்படியே. ஆனால் உடம்பில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிமருந்துக்கு ஒரு கிலோவுக்கான அளவு தாராளமாக வேணும். அடுத்த ஊசிதான் பிந்தும், முதல் வாரத்தில் 36 மணித்தியாலம்கூட. பெரியாக்களின் அளவைச் சுருக்கி இந்தக் கணக்குக்கு வர ஏலாது.

லண்டனில் இரண்டு மாதம் ஆகாத பிள்ளையின் காய்ச்சலுக்கென்றால் கவுண்டரில் தரவே மாட்டார்கள். டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். இங்கேயும் வழி அதுதான். மூன்று மாதத்துக்குள் 38 பாகை என்றால் நேரே போதனா வைத்தியசாலை. பனடோலால் சூட்டைத் தணித்தால் உள்ளே கிருமித்தொற்று இருப்பது வெளியே தெரியாமல் போகலாம்.

டாக்டர் எழுதித் தந்த பிறகு பாமசிக்குப் போனால், கிளினிக் புத்தகத்தில் மிஸ்ஸி (தாதி) எழுதின கடைசி நிறையைக் காட்டுங்கோ. கவரில் மி.கி., மி.லீ. இரண்டையும் எழுதச் சொல்லுங்கோ. வாயால் கொடுக்கும் 1 மி.லீ. சிறிஞ்ச் கேளுங்கோ. இன்சுலின் சிறிஞ்சை நீட்டினால் வாங்காதீங்கோ: அதில் கோடுகள் யூனிட்டில், 0.3 மி.லீ. என்பது 30ஆம் கோடு. நடுச்சாமத்தில் 3ஐயும் 30ஐயும் யார் பிரிச்சுப் பார்ப்பது? பலதில் ஊசியும் கழலாது.