சுகர் பாக்க எது சரி: வெறும் வயிறா, ஏ1சியா, கையில ஒட்டுற சென்சாரா?

எங்க அம்மாவுக்கு சுகர் வந்து பத்து வருஷம் ஆச்சு. மாசம் ஒருவாட்டி தெருமுனை லேபுல வெறும் வயித்துல டெஸ்ட் எடுப்பாங்க, 110, 115ன்னு வரும், அந்த சீட்ட ஃப்ரிட்ஜ் மேல காந்தம் வச்சு ஒட்டிருவாங்க, என் ரேங்க் கார்டுக்குக்கூட அந்த மரியாதை கிடைச்சதில்ல. போன வருஷம் ஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர சொல்ற ரத்த டெஸ்ட்) எடுத்தா 8.3, ரொம்ப ஜாஸ்தி. லேப்காரன் மாத்திட்டான்னு சண்டைக்கே கிளம்பிட்டோம். அப்புறம் பாத்தா டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் ராத்திரிக்கு ஒரே ஒரு சப்பாத்தியாம், ரத்தம் குடுத்துட்டு வந்த மதியமே பாயசத்தோட சாப்பாடாம்!

வெறும் வயித்து டெஸ்டோட பிரச்சினையே இதான். செலவு கம்மி, அன்னைக்கே ரிசல்ட், ஆனா அது அந்த ஒரு காலை நேரத்த மட்டும்தான் சொல்லும். சோறு, இட்லின்னு சாப்பிடுற நமக்கு நிறைய பேருக்கு சாப்பிட்டப்புறம்தான் ஏறுது. அதனாலதான் டாக்டருங்க சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 'பிபி'யும் கேக்குறாங்க (ரத்த அழுத்தம் இல்லைங்க, அது வேற பிபி).

வீட்டு மெஷின்ல எப்ப வேணா குத்திப் பாக்கலாம், அது வசதி. ஆனா ரொம்ப நம்பாதீங்க, 100க்கு மேல போனா 15 சதவீதம் வரைக்கும் கூடக் குறைய காட்டுறதுக்கு சர்வதேச தர விதியே இடம் குடுக்குது. நெஜமா 150 இருந்தா 130ன்னும் காட்டலாம், 170ன்னும் காட்டலாம். நேத்து 142 இன்னைக்கு 151ன்னு பதறுறவங்களுக்காக சொல்றேன். மாம்பழம் உரிச்ச கைய கழுவாம குத்தினா இன்னும் மோசம், அது பழத்தோட சுகர்.

ஏ1சிய ஏமாத்த முடியாது. ரத்த சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டின சுகர வச்சு ரெண்டு மூணு மாச சராசரிய சொல்லிரும். 7ன்னா சராசரி 154, அம்மாவோட 8.3ன்னா 190க்கு மேல. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. என் தங்கச்சிக்கு 6.6 வந்துச்சு, 6.5 தாண்டினாலே சுகர்னு கணக்கு, வீடே துக்க வீடாயிருச்சு. டாக்டர் ஹீமோகுளோபின் பாத்தாங்க, வெறும் 8. இரும்புச்சத்து கம்மியான சோகை இருந்தா ஏ1சி சும்மாவே ஏத்திக் காட்டும்னு சொல்லி, குளுக்கோஸ் குடிச்சு பாக்குற டெஸ்ட் எழுதினாங்க, அது நார்மல்.

இந்த குழப்பம் நாட்டோட கணக்குலயே இருக்கு. 2023ல வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்தது) இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு சொல்லுச்சு, அடுத்த வருஷமே லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த உலக ஆய்வு 21.2 கோடின்னுச்சு. முதல் ஆய்வு குளுக்கோஸ் குடிக்க வச்சு பாத்தது, ரெண்டாவது வெறும் வயித்து அளவு இல்லனா ஏ1சி, எது தாண்டினாலும் எண்ணிக்கையில சேத்துச்சு. சோகை இவ்ளோ இருக்குற நாட்டுல இது பெரிய வித்தியாசம் பண்ணும். எதை வச்சு அளந்தாலும் ஏறுறது மட்டும் நிக்கல: 1970கள்ல நகரத்துலயே ரெண்டு சதவீதம் பக்கம்தான், சென்னையில 1989ல 8.3, 1995ல 11.6, 2023 அறிக்கையில தமிழ்நாடு முழுக்க 14.4. தமிழ்நாட்டு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல மாத்திரை ஊர்ப்பக்கம் வீடு தேடியே வருது, 2021லருந்து. ஆனா சுகர் இருக்குறவங்கள்ல சுகர், பிரஷர், கொழுப்பு மூணையும் கட்டுக்குள்ள வச்சிருக்குறவங்க நாடு முழுக்க 7.7 சதவீதம்தான்னு அதே இந்தியாப் ஆய்வு சொல்லுது.

சென்சாருக்கு வரேன். கைக்குப் பின்னாடி ஒட்டினா 14 நாள் ராத்திரி பகலா சுகர அளந்து கோடா வரைஞ்சு காட்டும், விலை ஆயிரக்கணக்குல. ரத்தத்த இல்ல, தோலுக்கு அடியில இருக்குற திரவத்த அளக்குது, அதனால அஞ்சு பத்து நிமிஷம் லேட்டாத்தான் காட்டும். அந்தப் பக்கமா அமுக்கிப் படுத்தா நடு ராத்திரி 'லோ'ன்னு கத்தும், ஒரு நாள் நாங்க எல்லாரும் எந்திரிச்சு அம்மாவுக்கு சக்கரத்தண்ணி குடுத்துட்டு அப்புறம் மெஷின்ல குத்தினா 160! இன்சுலின் போடுறவங்க, அடிக்கடி லோ ஆகுறவங்களுக்கு இது நிச்சயம் தேவை. மாத்திரையில இருக்குறவங்களுக்கு மாசா மாசம் வாங்குறது வீண் செலவுன்னுதான் நான் சொல்வேன். மூணு மாசத்துக்கு ஒரு ஏ1சி, நடுவுல சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுலயே ஒரு குத்து, இது போதும். சோகை இருந்தா ஏ1சிய தனியா நம்ப வேணாம்.

ஆனா ஒரே ஒரு தடவை சென்சார் போட்டுப் பாக்கலாம். அம்மா போட்டாங்க. ஞாயித்துக்கிழமை வெண்பொங்கல் சாப்பிட்டப்ப கோடு 268க்கு எகிறுச்சு. அடுத்த வாரமும் அதே பொங்கல்தான், அளவ பாதியாக்கி, சாப்பிட்ட கையோட மொட்டை மாடியில இருபது நிமிஷம் நடந்தாங்க, 194ல நின்னுருச்சு. இப்ப ஃப்ரிட்ஜ் மேல அந்த ரெண்டு படமும்தான் தொங்குது, லேப் சீட்ட காணோம்.