12 யாருடையது? கணிதம் பற்றி இரண்டு கட்சிகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலைப் பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தத் தகராறு பழக்கம்தான். மீனாவிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு ஸ்டிக்கர் கவினிடம் உண்டு. இருவருக்கும் சேர்த்து 48. அப்பா ‘எக்ஸ்’ என்று ஆரம்பிப்பார். பிள்ளை ‘மாடல்’ வரையும்: மீனாவுக்கு ஒரு கட்டம், கவினுக்கு மூன்று. நாலு யூனிட் 48 என்றால் ஒரு யூனிட் 12.

கணிதம் நாம் உருவாக்கியதா, முன்பே இருந்ததை நாம் கண்டுபிடித்தோமா என்பது பழைய வாதம். அது நாம் உருவாக்கிய மொழி என்பவர்களுக்கு இது வசதியான சான்று. மாடல் முறை 1980களில் இங்கே கல்வி அமைச்சு உருவாக்கியதுதான். எக்ஸ் போடுவதும் மனிதர் ஏற்படுத்திய வழக்கம். சரி, ஆனால் எந்த வழியில் போனாலும் 12தானே வருகிறது? அதை யாரும் உருவாக்கவில்லை என்பதே எதிர்க்கட்சியின் வாதம்.

கேரளத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். பை மதிப்புக்கு அவர் கண்ட தொடரையே ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1670களில் ஐரோப்பாவில் எட்டினார். மனித மூளை எங்கும் ஒன்றுதான், அதனால் இருவரும் ஒரே தொடருக்கு வந்தார்கள் என்று முதல் கட்சி சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. காரணம் இத்தாலியக் கணித அறிஞர் பாம்பெல்லி.

ஓர் எண்ணின் கனம் (அந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவது), அதன் 15 மடங்கோடு 4ஐக் கூட்டியதற்குச் சமம். எண் எது? 4. (64 = 60 + 4.) ஆனால் இந்த வகைக் கணக்குக்கென்று இன்னொரு இத்தாலியர் கார்டானோ 1545இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டால், நடுவில் −121இன் வர்க்கமூலம் வந்து நிற்கும். அன்றைக்கு அதை எண்ணாக ஏற்க ஆளில்லை. பாம்பெல்லி விடவில்லை, அதைக் கூட்டவும் பெருக்கவும் விதி வகுத்து 1572இல் எழுதினார். அந்த மூலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிஞ்சியது 4. வெறும் கற்பனையாக இருந்தால் இப்படிச் சரியான இடத்தில் கொண்டுவந்து விடுமா? அணுவுலகை விளக்க இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1926இல் எழுதிய சமன்பாட்டிலும் இதே வகை எண்கள்தான்.

முடிவிலிக்கு வந்தால் கதை வேறு. முழு எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் (பின்னம், தசமம் எல்லாம் சேர்ந்த எண்களின்) முடிவிலிக்கும் இடைப்பட்ட அளவில் இன்னொன்று உண்டா? வழக்கமான அடிப்படை விதிகளை வைத்து ‘உண்டு’ என்று நிறுவ முடியாதென தர்க்கவியல் அறிஞர் கொடெல் 1940இல் காட்டினார்; ‘இல்லை’ என்றும் நிறுவ முடியாதென கணித அறிஞர் கோஹன் 1963இல் காட்டினார். புதிதாக எந்த விதியைச் சேர்க்கிறோமோ அதற்கேற்ற விடை. உருவாக்கினோம் என்பவர்களின் உண்மையான பலம் இதுதான், மாடலும் எக்ஸும் அல்ல. இத்தனைக்கும் கொடெல், கணிதப் பொருள்கள் நமக்கு வெளியே இருப்பவை என்றே கடைசிவரை நம்பியவர்.

எண்கள் விஷயத்தில் நானும் கொடெல் பக்கம். முடிவிலியில் அவரோடு போக என்னால் முடியவில்லை. அங்கே விதி வகுப்பது நாம்தான் என்றே தோன்றுகிறது.