ஞாயிற்றுக்கிழமை எழுத்து வகுப்பு: 10 வாரம் போய் வந்தேன்

கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையில் ஆபீஸ் வேலை எனக்கு. கொட்டேஷன், டீலர்களுக்கு வாட்ஸ்அப் தகவல், பாக்கி கேட்டுக் கடிதம், ஆயுத பூஜை அழைப்பு வரை எல்லாம் நான்தான் எழுத வேண்டும். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கதை எழுதுவேன். பகலில் எழுதுவதற்கும் இரவில் எழுதுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றே 15 வருடமாக நினைத்திருந்தேன். ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் நடக்கிற இந்த வகுப்புக்குப் போய் வந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சொல்லித் தருகிறவர் பத்திரிகையில் பல வருடம் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கட்டணம் 6,000 ரூபாய், 10 ஞாயிறு, காலை 10 மணி முதல் 1 மணி வரை. சான்றிதழ் கிடையாது. சேரும்போதே இதைச் சொல்லிவிடுகிறார்.

இதற்கு முன்னால் இணையத்தில் ஒரு படிப்பில் இருமடங்கு பணம் கட்டிச் சேர்ந்தேன். வீடியோக்கள் இருந்தன, கடிதத்துக்கான மாதிரிகள் 50 இருந்தன, கடைசியில் சான்றிதழும் வந்தது. ஆனால் நான் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் படிக்கவில்லை. எழுத்து கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் வேண்டியது தான் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படிப்பது. அது இல்லாமல் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை என்று அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே முதல் நாளே அவரவர் எழுதியதைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோனது பாக்கி கேட்டு எழுதிய கடிதம். ஒரு பக்கம். "தங்கள் மேலான நிறுவனத்துடன் எங்கள் நிறுவனம் பல்லாண்டுகளாக நல்லுறவைப் பேணி வருவது தாங்கள் அறிந்ததே" என்று தொடங்கும். டீச்சர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் கோடு போட்டார்.

"பணம் பதினோராவது வரியில வருது கண்ணு. இதை யாரு படிப்பாங்க?"

"அவங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவர்ங்க டீச்சர்."

"அவரு மேசையில இந்த மாதிரி எத்தனை கடுதாசி இருக்கும்? மூணாவது வரியில எடுத்து வெச்சிருவாரு."

அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் திருத்தினோம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

"வணக்கம். மார்ச் 6 அன்று உங்களுக்கு வந்து சேர்ந்த இம்பெல்லர், ஷாஃப்ட் சரக்குக்கு ரூ.1,86,400 இன்னும் வர வேண்டியிருக்கிறது. நாம் ஒப்புக்கொண்ட 45 நாள் கெடு ஏப்ரல் 20 அன்று முடிந்தது. மே 25க்குள் அனுப்ப முடியுமா? முழுத் தொகை இப்போது இயலாது என்றால் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள். சரக்கில் ஏதாவது குறை இருந்தாலும் சொல்லுங்கள். பில் நகல் இணைத்திருக்கிறோம்."

கடைசிக்கு முந்தைய வரி டீச்சர் சேர்க்கச் சொன்னது. பணம் தராமல் இழுக்கிறவர் பிறகு சொல்லக்கூடிய சாக்கு அதுதான், நாமே முன்கூட்டிக் கேட்டுவிட்டால் அந்த வழி அடைபடும், நிஜமாகவே குறை இருந்தால் நமக்கும் தெரிந்துவிடும் என்றார். சட்டத்தையும் எழுதலாமா என்று கேட்டேன். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு, உத்யம் பதிவும் எங்களிடம் இருக்கிறது. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல் கடுதாசியில வேண்டாம். 45ங்கிற எண் அதுல இருக்குதல்ல, தெரிஞ்சவங்களுக்கு அது போதும். ரெண்டாவதுல எழுதிக்கலாம்" என்றார். இரண்டாவது எழுத வேண்டி வரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது, இரண்டு தவணையில் பணமும் வந்தது. கடிதத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முந்தைய கடிதத்துக்குப் போன்கூட வரவில்லை.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது டீச்சர் கையில் வைத்திருக்கும் அளவுகோல். வெளிநாட்டுப் புத்தகம் எதுவும் இல்லை, நன்னூல் பாயிரம். பவணந்தி முனிவர் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. நூலுக்கு ஆகாத குற்றம் பத்து, அழகு பத்து என்று அதில் ஒரு பட்டியல் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோன விஷயம். அதைக் கொட்டேஷன் கடிதத்தில் வைத்துப் பார்ப்பதை இங்கேதான் முதல்முறை கண்டேன். குன்றக் கூறல்: விலை போட்டிருக்கிறோம், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று போடவில்லை. கூறியது கூறல்: "தங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்" ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில். மற்றொன்று விரித்தல்: டெலிவரி தேதி கேட்டவருக்குக் கம்பெனி வரலாறு. மயங்க வைத்தல் என்றால் படிக்கிறவர் திரும்பப் போன் செய்து கேட்க வேண்டியிருப்பது, அவ்வளவுதான் என்று டீச்சர் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த வாரம் நான் அனுப்பிய தகவல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன், எத்தனை பேர் திரும்பப் போன் செய்தார்கள் என்று யோசித்தேன். நிறைய பேர்.

அழகு பத்தில் "ஓசையுடைமை" என்று ஒன்று உண்டு. செய்யுளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். இங்கே கடிதத்தைக்கூட எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடைக்க வேண்டும். "தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்பதை நாலு பேர் முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அடுத்த தடவை எழுத கை வராது.

சரி, கதைக்கு வருகிறேன். ஐந்தாவது வாரம் என் கதையைக் கொடுத்தேன். கோவை கணபதி பகுதியில் லேத்து பட்டறை வைத்திருந்த அப்பா கடைசியில் மெஷினை விற்ற நாளைப் பற்றியது. "அப்பா மிகுந்த வேதனையுடன் நின்றிருந்தார்" என்று எழுதியிருந்தேன். டீச்சர் படித்துவிட்டு வேறெதுவும் சொல்லவில்லை.

"அப்பா கையில என்ன கண்ணு வெச்சிருந்தாரு?"

அதுவரைக்கும் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. கேட்டவுடன் கண் முன்னால் வந்தது. காட்டன் வேஸ்ட். மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர் பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது, லாரி வாசலில் நிற்கிறது, கிரேன்காரர் அவசரப்படுத்துகிறார், இவர் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கின் மூன்று தாடைகளுக்கு நடுவில் இருக்கும் சிராயை விரலால் நோண்டி எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி துடைக்கிறார். லாரி போய் ஒரு மணி நேரம் கழித்து ஒரு பையன் பைக்கில் வந்தான். சக்கை இறுக்குகிற சாவி வரவில்லையாம். அப்பா பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு "மிகுந்த வேதனை" என்று எழுதி வைத்திருக்கிறேன். டீச்சர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த வாரம் இப்போது சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதிக்கொண்டு போனேன். சாவியைக் கொடுத்த பிறகு ஒரு பத்தி சேர்த்திருந்தேன், அந்தச் சாவிதான் அப்பாவின் 30 வருட வாழ்க்கை என்கிற மாதிரி. அதன்மேல் டீச்சர் குறுக்கே கோடு போட்டு ஓரத்தில் "சென்று தேய்ந்திறுதல்" என்று எழுதினார். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது வரவரத் தேய்ந்து முடிகிறது என்று அர்த்தம், அதுவும் பத்துக் குற்றத்தில் ஒன்று. கதை இப்போது அப்பா பாக்கெட்டில் கைவிடும் இடத்தில் நிற்கிறது. பாக்கிக் கடிதத்தில் பணத்தை மேலே ஏற்றியதும் கதையில் சாவியைக் கீழே நிறுத்தியதும் ஒரே பென்சில்தான். படிக்கிறவர் எந்த இடத்தில் எதற்காகக் காத்திருக்கிறார் என்று பார்ப்பதுதான் இரண்டிலும் வேலை. 15 வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட வந்த ஒரு அண்ணன் வீட்டில் கம்பு முறுக்கு சுட்டு விற்கிறார்கள். பாக்கெட் அட்டைக்கான வாசகத்தை ஏஐயிடம் எழுதி வாங்கி வந்தார். "இயற்கையின் கொடை, ஆரோக்கியத்தின் திறவுகோல்" என்று அழகாகவே இருந்தது. டீச்சர் அதைத் திட்டவில்லை. "எந்த எண்ணெய்ங்க? எத்தனை நாளு மொறுமொறுப்பு நிக்கும்?" என்று மட்டும் கேட்டார். கடலை எண்ணெய், 15 நாள் என்றார் அண்ணன். "இது அதுக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத்தான் தெரியும்." அட்டையில் இப்போது இருப்பது: கம்பு முறுக்கு, கடலை எண்ணெயில் சுட்டது, 15 நாள் மொறுமொறுப்பு குறையாது. நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன், 12ஆம் நாள் சாப்பிட்டபோதும் மொறுமொறுவென்றுதான் இருந்தது.

ஒற்றுப்பிழைக்கு ஒரு வகுப்பு முழுக்க ஒதுக்கியிருந்தார். வேலை தேடினான் என்றால் ஆபீஸ் வேலை, வேலைத் தேடினான் என்றால் முருகன் கையில் இருக்கிற வேல். இப்படி எடுத்துக்காட்டாகவே போனதால் விதிகளைவிட நன்றாக மனதில் நின்றது. தமிழ்99 விசைப்பலகையும் அன்றைக்குத்தான் பழகினேன். உயிர் இடது கையில், மெய் வலது கையில், க இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்துவிடும். இப்போது ஆபீஸில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதை விட்டுவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆங்கில மின்னஞ்சலுக்கு ஒரே ஒரு வகுப்புதான், அதுவும் அவசர அவசரமாக ஓடியது. வெளிமாநில டீலர்களுக்கு எழுதுகிற என் போன்றவர்களுக்கு அது போதவே போதாது. நாங்கள் 14 பேர், ஒரு வகுப்பில் ஐந்து பேர் எழுத்தைத்தான் எடுத்துப் பேச முடிகிறது, ஆக 10 வாரத்தில் ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் வாய்ப்பு. இதை டீச்சரிடமே சொன்னேன், அடுத்த முறை 10 பேர் போதும் என்று ஒப்புக்கொண்டார். கையேடு என்று கொடுப்பது ஜெராக்ஸ் தாள், சில பக்கங்களில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு வாரம் விட்டுப்போனால் அதைத் திரும்ப நடத்துவதில்லை. கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது. வகுப்பு முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை கூடி அவரவர் எழுத்தைப் படிக்கலாம் என்று நாங்கள் பேசி வைத்தோம், முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள், இரண்டாவது மாதம் மூன்று பேர். அது வகுப்பின் குறை இல்லை, எங்கள் குறை.

விளம்பர நிறுவனத்தில் வேலை கிடைக்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்கிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. கடை வைத்திருப்பவர்கள், சங்கத்தில் செயலாளராக இருந்து தீர்மானம் எழுதுகிறவர்கள், அலுவலகத்தில் தமிழில் கடிதம் எழுத வேண்டியவர்கள், கதை எழுதிப் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள், இவர்கள் கண்டிப்பாகப் போகலாம். எழுதியதை நாலு பேர் முன்னால் படிக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூடப் போகலாம், இரண்டாவது வாரம் அது போய்விடும், எனக்குப் போனது.

அடுத்த வகுப்பு ஆடி முடிந்து ஆவணியில் தொடங்குகிறது. இடம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், டீச்சரிடம் கேட்டு எண் தருகிறேன். போகும்போது எழுதி முடித்து வெளியே அனுப்பிவிட்ட கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், புதிதாக எழுதியது வேண்டாம். கொஞ்சம் முன்னாலேயே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்ளுங்கள், அறையில் இருப்பது ஒரே ஃபேன்தான்.