ஆடும் நாற்காலியில் இரண்டரை ஆண்டுகள்

ஆடும் நாற்காலி வாங்கலாமா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி வந்தேன். வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி எழுதியே வைத்துவிடலாம்.

நாற்காலி என்றதும் ஊஞ்சல் மாதிரி நினைக்க வேண்டாம். கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டுகளுக்கானது இது. ஒரு இரும்புச் சட்டம். அதன் மேல் பழைய காரிலிருந்து கழற்றிய சீட், ஸ்டியரிங், பெடல். அடியில் நான்கு மூலையிலும் சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுற்றும் சர்வோ மோட்டாரால் ஏறி இறங்கும் தண்டுகள். விளையாட்டில் வண்டி பிரேக் பிடித்தாலும், வளைந்தாலும், பள்ளத்தில் இறங்கினாலும் அந்தக் கணக்கைக் கணினியில் உள்ள மென்பொருள் வாங்கி மோட்டாருக்கு அனுப்பும். சட்டம் முன்பின்னாகச் சாயும், பக்கவாட்டில் சாயும், மேலும் கீழும் போகும். மொத்த ஏற்ற இறக்கமே 3 அங்குலம்தான். இந்த 3 அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இதற்கு முன் ஓராண்டு, லாரி வைப்பர் மோட்டார் இரண்டை மாட்டி சீட்டை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெடல் தரையில் நிற்க, சீட் மட்டும் சாய்ந்தால், பிரேக் மிதிக்கிற நேரத்திலேயே காலுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். எவ்வளவு அழுத்தினோம் என்பது காலுக்கே தெரியாது. ஒருநாள் கரண்ட் போனபோது இடது பக்கம் சாய்ந்தபடியே நின்றும்விட்டது. வைப்பர் மோட்டாரில் இருக்கும் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) வெளியிலிருந்து தள்ளினால் சுற்றாது. இப்போதுள்ளவை பால் ஸ்க்ரூ தண்டுகள், உள்ளே குண்டுகள் உருளும் திருகு. அவற்றில் கரண்ட் போனால், என் எடையிலேயே சட்டம் மெதுவாகக் கீழே இறங்கி அமர்ந்துகொள்கிறது.

புதிது வந்த முதல் மாதம், ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிம்ஹப் மென்பொருளில் எல்லா அளவுகளையும் உச்சத்தில் வைத்தேன். கொடுத்த காசுக்கு நன்றாக ஆட வேண்டும் என்ற நினைப்பு. தலைசுற்றல்தான் மிச்சம். அதைச் சரிசெய்தவர் நைனா, என் அப்பா.

நைனா ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் லோடு ஓட்டியவர். லாரியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. மாடிக்கு வந்தவரை உட்காரவைத்து யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஓட்டியிருப்பார்.

“இன்னாடா இது, லோடு வண்டி இப்படியா குலுங்கும்? இது காலி வண்டிடா” என்றார். “லோடு ஏத்துன வண்டி பிரேக் போட்டா முகம் மெதுவா குனியும். நின்னதும் ஒருதரம் நம்மள பின்னால தள்ளும். அந்தத் தள்ளலே இதுல காணோமே?”

அன்று இரவு அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் அந்த 3 அங்குலம்தான். பிரேக்குக்கான சாய்வு உச்சத்தில் இருந்ததால் தண்டுகள் முழு நீளத்தையும் அதற்கே செலவழித்துவிட்டன. அதன் மேல் சின்னப் பள்ளமோ நின்றதும் வரும் தள்ளலோ வந்தால், ஏற இறங்க இடமே இல்லை. முன்பின் சாய்வை 100-லிருந்து 35-க்குக் குறைத்தேன். மறுநாள் நைனா ஒரு சிக்னலில் நிறுத்தினார். வண்டி நின்றது, சட்டம் ஒரு விரல் அளவு பின்னால் வந்து அடங்கியது. அவர் வலது கை தன்னாலே ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போனது. அங்கே ஹேண்ட் பிரேக்கே கிடையாது.

சட்டம் சாயும் வேகத்தையும் அப்போதுதான் குறைத்தேன். நீண்ட பிரேக்கை எந்த நாற்காலியாலும் அப்படியே தர முடியாது, அறைக்குள் முன்னால் ஓட இடம் ஏது? அதனால் மெல்ல முன்னே சாய்த்து, நம் எடையையே நம்மைத் தள்ள வைக்கிறது. நொடிக்கு சுமார் 3 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்தால் காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு அதைச் சாய்வாக உணராது, பிரேக் என்றே எடுத்துக்கொள்ளும். அதைவிட வேகமாகச் சாய்த்தால் கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், வயிறு புரளும். விமானிப் பயிற்சிக்காக இந்த வித்தையைப் பல காலமாகச் செய்கிறார்கள். ஆர்கன் என்ற காற்று இசைக்கருவியைச் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், 1929-இலேயே ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்து ஆடும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார்.

சரி, கூட்டாக விளையாடும்போது என்ன பயன்? எனக்கு இதுதான் முக்கியம். யூரோ டிரக்கில் 2021-இல் கான்வாய் என்ற வசதி வந்தது, அப்போது எட்டுப் பேர் வரை ஒன்றாக ஓட்ட முடிந்தது. வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் ஐந்து பேர் சேர்வோம். குடியாத்தம் நண்பன், ஆரணியில் இருவர், துபாயில் பெரியப்பா மகன், இங்கே நானோ நைனாவோ. நைனா இருந்தால் பிரிட்டன் சாலைகள்தான், நம் ஊர் போல இடது பக்கம் ஓட்டலாம் என்பதால். “சித்தப்பா, முன்னால போங்க, நாங்க பின்னால வர்றோம்” என்பான் துபாய்க்காரன். மற்ற நால்வரும் சாதாரண நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் என் குரல் மைக்கில் குலுங்குவதைக் கேட்டே, “மச்சி, ரோட்ட விட்டு இறங்கிட்டியா?” என்று குடியாத்தத்திலிருந்து கேள்வி வரும். மோட்டார் சத்தமும் சேர்ந்து போவதால், பொத்தானை அழுத்தினால் மட்டும் மைக் திறக்கும்படி மாற்றிக்கொண்டேன். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டில் ஓட்டும்போது, யாராவது பின்னால் உரசினால் கண்ணாடியைப் பார்க்கும் முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் வேகமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு சுற்றை முடிக்கும் நேரத்தில் குடியாத்தத்துக்காரன் இன்னும் என்னைவிட முன்னால்தான். ஆனால் பக்கத்தில் வருவது ஒரு ஆள் என்ற எண்ணம் உடம்பிலேயே வந்துவிடுகிறது, இடிக்காமல் இடம் விட்டு ஓட்டுகிறேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை. மாடித் தரை அதிர்ந்து கீழே அம்மாவின் தூக்கம் கெட்டதால், சட்டத்தின் கால்களுக்கு அடியில் எம்.சி.ஆர் ஷீட் போட்டேன். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை அறிந்த வேலூர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. தொழுநோயாலோ சர்க்கரையாலோ பாதம் மரத்துப்போனவர்களின் செருப்பில் வைக்கிற மெத்தென்ற ரப்பர். அதிர்வு பாதிக்குமேல் அடங்கியது. எட்டு மாதத்தில் அமுங்கிப்போகும், மாற்ற வேண்டும். மே மாதத்தில் மோட்டாரை இயக்கும் டிரைவர் என்ற மின்பெட்டி சூடேறி நின்றுவிடுகிறது, டேபிள் ஃபேன் வைத்து இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஓட்டுகிறோம். தலையில் மாட்டி விளையாட்டுக்குள்ளேயே பார்க்கும் வி.ஆர் கண்ணாடியை இதோடு சேர்க்கவில்லை. சட்டம் சாய்வதையும் அது தலை அசைவாகவே எடுத்துக்கொள்கிறது, அதைக் கழிக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

தீராத தொல்லை ஒன்று இருக்கிறது. எதிராளியின் இணையம் தடுமாறினால், அவர் வண்டி திரையில் ஒரு கணம் உறைந்து, அடுத்த கணம் பத்தடி தாண்டி வந்து நிற்கும். நம் வண்டி இருக்கும் இடத்திலேயே வந்துவிட்டால் கணினி அதைப் பெரிய மோதலாகக் கணக்கிடும். திரையில் அது வெறும் தவறு. நாற்காலிக்கு அது உதை. ஒருமுறை என் முழங்கால் ஸ்டியரிங் கம்பியில் இடித்து ஒரு வாரம் நீலம் பாய்ந்திருந்தது. அன்றே அவசர நிறுத்தப் பொத்தானை இடது கை எட்டும் இடத்துக்கு மாற்றினேன். திடீர் உதைகளை வெட்டும் வடிகட்டி மென்பொருளில் உண்டு. அதைக் கூட்டினால் உதை நிற்கிறது, கூடவே நைனா கேட்டு வாங்கிய அந்தத் தள்ளலும் மழுங்குகிறது. இப்போதைக்கு நைனா உட்காரும்போது குறைத்து வைக்கிறேன், இணையம் மோசமானவர் யாராவது சேர்ந்தால் கூட்டி வைக்கிறேன். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு அளவு கிடைத்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.