பழைய லப்டொப்பில் பயர்பொக்ஸ்: மூன்று மாதப் பாவனை

உவர்மலையில வீட்டு முன்னறையில ஓஎல் (சாதாரண தரச்) சோதினை எழுதப்போற பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறன். கையில இருக்கிறது 4 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப். முந்திப் பாவிச்ச உலாவியில பத்து டப் திறந்தால் விசிறி இரையத் தொடங்கும். வினாத்தாள் திரையில வர முன்னமே பிள்ளைகள் கதையில இறங்கிவிடுவினம்.

பிறகு பயர்பொக்ஸ் உலாவிக்கு மாறினன். அதோட யூபிளொக் ஒரிஜின் எண்ட விளம்பரம் தடுக்கிற நீட்சியையும் (உலாவியோட சேர்க்கிற சின்னச் செயலி) போட்டன். உண்மையான மாற்றம் அதாலதான். விளம்பரத்தை இறங்க முன்னமே தடுக்கிறதால பக்கமும் கெதியா வருது, டேட்டாவும் மிச்சம். அன்ட்ரொயிட் பயர்பொக்ஸிலும் இது வேலை செய்யும்; பாலையூற்றில இருக்கிற அக்காவின்ர போனிலும் போட்டுக் குடுத்தன்.

எனக்கு மிகவும் பிடிச்சது முகவரிப் பெட்டி. அதில % அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, "திரி" எண்டு எழுதினால் போதும். திறந்து கிடக்கிற இருபது டப்புக்குள்ள திரிகோணகணிதப் பக்கம் உடன வந்து நிக்கும். * போட்டால் புத்தகக்குறிகளுக்குள்ள தேடும். கட்டுரைப் பக்கத்தில எஃப்9 அழுத்தினால் எழுத்து மட்டும் மிஞ்சும். பின் வாங்கில இருக்கிற பிள்ளைக்கும் தெரியிற அளவுக்குப் பெருப்பிக்கலாம்.

2021இல வந்த 93ஆம் பதிப்பிலிருந்து, விண்டோஸில ரம் குறையேக்க கனநேரம் தொடாத டப்பைப் பயர்பொக்ஸ் தானே ரம்மில இருந்து இறக்கி வைக்கும். திரும்பத் தொட்டால் பக்கம் மறுபடி ஏறும். அதால பாதி நிரப்பின படிவத்தை அப்பிடியே விட்டிட்டுப் போகாதேங்கோ.

நீட்சி ஒண்டு போதும். நாலைஞ்சைப் போட்டுப் பார்த்தன், பழைய இரைச்சல் திரும்பி வந்திட்டுது, மற்ற எல்லாத்தையும் கழட்டிட்டன்.