6 உதவியாளர், 9 வருஷம்: ஆள் வச்சுப் பாத்துக்கிட்ட அனுபவம்

2016-ல பைக் ஆக்சிடெண்ட், கழுத்துத் தண்டுவடத்துல அடி, சி6 லெவல், அதாவது கழுத்துல ஆறாவது நரம்பு மட்டம். தோளும் மணிக்கட்டும் அசையும், விரல் பிடிக்காது, நெஞ்சுக்குக் கீழ உணர்ச்சி இல்ல. காலைல எந்திரிச்சு குளிச்சு வீல்சேர்ல உக்கார ரெண்டரை மணி நேரம் ஆகும், எல்லாமே இன்னொருத்தர் கையாலதான். புதுசா ஆள் தேடுறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

முதல் ஆள் ஏஜென்சி அனுப்பினவரு. வந்த அன்னிக்கே என்னைப் பாக்காம எங்கம்மாகிட்ட "சாருக்கு எத்தனை மணிக்கு சாப்பாடு குடுக்கணும்மா"ன்னு கேட்டாரு, அம்மாவும் பதில் சொல்லிட்டாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் எப்ப குளிக்கணும், எப்ப படுக்கணும்னு அவங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணாங்க. இப்ப யார் வந்தாலும் நான்தான் பேசி எடுக்குறேன், சம்பளமும் என் போன்லேர்ந்து நானே அனுப்புறேன். யார் கையிலேர்ந்து காசு வருதோ அவங்க சொல்றதத்தான் கேப்பாங்க, இத எங்கம்மாவுக்குப் புரிய வைக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு.

ரெண்டாவது வந்தவருக்கு பத்து வருஷ அனுபவம்னாங்க. கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்தும்போது தூக்காம இழுத்துட்டாரு, தோல் உரசிருச்சு, எனக்கு வலி தெரியாது, மூணு நாள் கழிச்சு வாடை வந்தப்பதான் தெரிஞ்சுது. அந்தப் படுக்கைப்புண் ஆற 4 மாசம் குப்புறப் படுத்தே கிடந்தேன், பாத்துக்கிட்டிருந்த வேலையும் போச்சு. அதுலேர்ந்து தினம் ராத்திரி பின்பக்கத்த என் போன்ல போட்டோ எடுக்கச் சொல்லி நானே பாக்குறேன், லேசா செவந்திருந்தாக்கூட மறுநாள் உக்கார மாட்டேன்.

இப்ப இருக்குற தம்பி ஹோட்டல்ல சப்ளையரா இருந்தவரு, இந்த வேலையே தெரியாது. எனக்கு அதுதான் நல்லதாப் போச்சு. தூக்குறதுக்கு முன்னாடி "அண்ணா, ரெடியா"ன்னு கேப்பாரு. ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கிறதுலேர்ந்து எல்லாம் நான் வாயால சொல்லிச் சொல்லிக் குடுத்தது. முதல் வாரமே சொன்னேன், எனக்குத் திடீர்னு தலைவலி வந்து முகம் வேர்த்துக் கொட்டுச்சுன்னா மாத்திரை தேடாத, நிமித்தி உக்கார வை, யூரின் ட்யூப் மடங்கியிருக்கான்னு பாருன்னு. நம்ம லெவல்ல அடிபட்டவங்களுக்கு மூத்திரம் அடைச்சா பிரஷர் எகிறிரும், உயிருக்கே ஆபத்து. போன வருஷம் ராத்திரி ஒரு மணிக்கு அப்படி ஆனப்ப அவரு பதறாம ட்யூப நீட்டி விட்டாரு, நான் பொழச்சேன்.

காசு விஷயம். ஏஜென்சிக்கு மாசம் 24,000 கட்டினேன், அந்த ஆள் கைக்குப் போனது 15,000. இப்ப நேரா 20,000, சாப்பாடு, ஞாயித்துக்கிழமை லீவு. லீவு குடுக்காம வச்சிருந்த மூணாவது ஆள் சொல்லாமலே போயிட்டாரு, அதுல தப்பு என் மேலதான். தமிழ்நாடு அரசு குடுக்குற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2,000, மூணு நாள் சம்பளம்தான் வரும், ஆனாலும் வாங்காதவங்க கட்டாயம் அப்ளை பண்ணுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 38-வது பிரிவு, உயர் ஆதரவு, அதாவது தினசரி வேலைக்கு மத்தவங்க உதவி ரொம்பத் தேவைப்படுறவங்க, அதக் கேட்டு விண்ணப்பிக்கிறதுக்குன்னே இருக்கு. உதவியாளருக்கான செலவ அரசு முழுசா ஏத்துக்கணும்னு நாம சேந்து கேக்கணும், அப்பா அம்மாவுக்கு வயசாகுதுல்ல.

ஆடி மாசம் தம்பி ஊர்த் திருவிழாவுக்கு 10 நாள் போறாரு. ஞாயித்துக்கிழமை வர்ற காலேஜ் பையனுக்கு இப்பவே ட்ரான்ஸ்ஃபர், அதான் கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்துறது, சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம், நான் சொல்லச் சொல்ல தம்பி செஞ்சு காட்டுறாரு.