பழைய பேப்பர் கடையா, மாநகராட்சி வண்டியா?

சென்னையில் காலி பாட்டில், அட்டைப்பெட்டி, செய்தித்தாள் எல்லாம் எங்கே போடலாம் என்று கேட்டால், நான் பழைய பேப்பர் கடை பக்கம்தான். எடைக்குக் காசு கிடைப்பது ஒருபுறம் இருக்கட்டும். பேப்பர் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று கடைக்காரரே பிரித்து மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடுவார், அப்புறம் பேப்பர் ஆலையில் கூழாகும், தண்ணீர் பாட்டில் செதிலாக நொறுங்கி, கழுவப்பட்டு, உருகி பாலியஸ்டர் இழையாகக்கூட மாறும். ஆனால் சிப்ஸ் பாக்கெட்டை அவர் தொடமாட்டார்.

மாநகராட்சி வண்டியில் அதையும் போடலாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். சாம்பார் ஊறிய பேப்பரைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், பிரிப்பவர் கையில் என்ன தேறும்? கொடுங்கையூர் மாதிரி குப்பை மேடுதான் கதி. பால் கவரை மட்டும் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள், அதைப் பல கடைகளில் எடைக்கு வாங்குவார்கள்.